இறக்கைத் தேய்மானம்

ஒரு காட்டில், செல்போன் டவர் முளைத்து இரண்டு மழைக்காலம் கழிந்த பிறகு, அலகப்பன் என்ற இருவாச்சி புதுக்குடித்தனம் வைத்தான். இருவாச்சியைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: மூக்குக்கு மேலே இன்னொரு மூக்கை வைத்துக்கொண்டு, பறக்கும்போது பழைய ரயில் எஞ்சின் மாதிரி மூச்சு விட்டுக்கொண்டு போகுமே, அந்தப் பெரிய பறவைதான். அலகப்பனுக்கு நல்ல எலுமிச்சை மஞ்சளில் அலகு. அதைப் பார்த்துத்தான் செண்பகவல்லி தன்னைக் கட்டிக்கொண்டாள் என்று கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

பறவைக்கு ஏது செல்போன் என்று இப்போதே ஆரம்பித்துவிடாதீர்கள். நரி பேசியது, சிங்கம் சபை கூட்டியது என்றால் ‘உம்’ கொட்டுகிறீர்கள். போன் என்றதும் மட்டும் பில் கேட்டால் எப்படி? இருந்தது. அவ்வளவுதான்.

இந்த இருவாச்சி இனத்தில் ஒரு வழக்கம் உண்டு. முட்டையிடும் காலம் வந்தால் பெண் பறவை மரப்பொந்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, மண்ணும் எச்சமும் பழச்சக்கையும் குழைத்து வாசலைத் தானே பூசி அடைத்துவிடும். அலகு நுனி நுழைகிற அளவுக்கு ஒரு கீறல்தான் மிச்சம். உள்ளே போனதும் இறக்கையில் இருக்கிற இறகெல்லாம் உதிர்ந்துவிடும். அது திரும்ப முளைத்து, குஞ்சும் ஓரளவு தேறுகிற வரைக்கும் மாதக்கணக்கில் வெளியே வர முடியாது. அதுவரை புருஷன் கொண்டுவந்து கீறல் வழியே ஊட்டுவதுதான் சோறு. அவன் வராவிட்டால் உள்ளே இருக்கிற உயிர்கள் அத்தனையும் போச்சு. ஒரு ஆண்பிள்ளையை இந்த அளவுக்கு நம்புகிற பெண்கள் வேறு எந்த இனத்திலும் கிடையாது. நம்பலாமா என்பது வேறு விஷயம்.

செண்பகவல்லியின் அப்பா கொம்பையா நம்பவில்லை. இது காதல் கல்யாணம். அவருக்கு ஆரம்பத்திலிருந்தே மாப்பிள்ளையைப் பிடிக்காது. காரணம், ஆற்றங்கரை நாவல் மரம். எந்தப் பருவத்திலும் ஏதாவது ஒரு கிளையில் பழுத்துத் தொலைக்கிற மரம் அது. உதிர்ந்த பழமெல்லாம் அடியில் கிடந்து புளித்து, சாயங்காலமானால் அங்கே காற்றைக் குடித்தாலே கிறுகிறுக்கும். ஒரு கரடியும் இரண்டு மரநாய்களும் அங்கே நிரந்தர உறுப்பினர்கள். கல்யாணத்துக்கு முன்னால் அலகப்பனும் உறுப்பினன்தான்.

“அந்த நாவல் மரத்தடிப் பயலா?” என்று கொம்பையா மகளிடம் கேட்டார்.

“அதெல்லாம் விட்டாச்சுப்பா. என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணியிருக்கார்.”

“அடிக்கும்போது நிதானத்துல இருந்தானா?”

“அப்பா!”

“சரி, ஒண்ணு சொல்லிடறேன். நீ உள்ளே இருக்கிற காலத்துல, சோத்துக்குத் தட்டுப்பாடுன்னு ஒரு பேச்சு என் காதுல விழுந்துச்சுன்னா, அன்னிக்கே வந்து சுவரை உடைச்சு உன்னைக் கூட்டிட்டுப் போயிடுவேன். முட்டையாவது குஞ்சாவது.”

கொம்பையா சொன்னால் செய்வார். சுவர் உடைந்த பொந்துக்குள் பாம்பு விருந்தாளி மாதிரி நுழையும், இறகில்லாத மகளால் பறக்க முடியாது, குஞ்சை அள்ளிக்கொண்டு போக வழியில்லை என்பதையெல்லாம் அவர் உடைத்து முடித்த பிறகுதான் யோசிப்பார். அவர் சுபாவம் அப்படி.

அப்பாவின் வீம்புக்கு மகளும் சளைத்தவள் இல்லை. “நாங்க குடும்பம் நடத்தற அழகை நீங்களே பாருங்க” என்று சொல்லிவிட்டு, அலகப்பனைக் கூட்டிக்கொண்டு கிளி பரஞ்சோதியிடம் போனாள்.

பரஞ்சோதி ஊருக்குள் ஒரு ஜோசியக்காரரிடம் வெகுகாலம் சீட்டெடுத்துக் கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றுக் காட்டுக்குத் திரும்பியவர். இப்போது ‘குடும்ப நிதி ஆலோசகர்’ என்று கிளையில் பலகை மாட்டியிருந்தார். தொழில் மாறினாலும் பழக்கம் போகவில்லை. யார் எதைக் கேட்டாலும் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து நாலு எட்டு நடந்துபோய், அடுக்கிலிருந்து ஒரு சீட்டை உருவிப் போட்டுவிட்டுத்தான் பேசுவார்.

“அப்ப ஜோசியத்தை விட்டுட்டீங்களாண்ணே?” என்று அலகப்பன் கேட்டான்.

“எங்க விட்டேன்? வரப்போறதை இப்பவே எழுதி வைக்கிறதுக்கு ஊர்ல பட்ஜெட்னு பேரு.”

சீட்டில் மகாலட்சுமி வந்தாள். பரஞ்சோதி அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

“ஆப் போடணும்னு வந்திருக்கு” என்றார்.

அந்த ஆப்புக்கு ‘ஜோடிக்கணக்கு’ என்று பெயர். அலகப்பனுக்கு ஒரு போன், செண்பகவல்லிக்கு ஒரு போன். காட்டில் ரூபாய் கிடையாது என்பதால் எல்லாக் கணக்கும் பழத்தில். அவன் செலவைச் சொல்ல வேண்டும், அவள் உள்ளேயிருந்து ‘சரி’ என்று அழுத்த வேண்டும். ஒவ்வொரு தலைப்புக்கும் மாதத்துக்கு இவ்வளவு என்று வரம்பு. அத்தி மரத்தில் பழம் சும்மாதான் தொங்கியது, யாரும் காசு கேட்கவில்லை. ஆனால் பட்ஜெட் என்று ஒன்று வந்துவிட்டால் சும்மா கிடைப்பதையும் எண்ணித்தானே ஆக வேண்டும்?

“உங்களுக்கோ கை கிடையாது” என்று சொல்லி, பரஞ்சோதி போனை ஒரு கயிற்றில் கோத்து அலகப்பன் கழுத்தில் மாட்டி முடிச்சுப் போட்டார். “பழத்தைக் கவ்வி அலகை மூடினீங்கன்னா, ‘இது என்ன செலவு?’ன்னு அதுவே கேட்கும். பதில் சொன்னாப் போதும்.”

“இதை அவுக்கணும்னா?”

“எதுக்கு அவுக்கணும்?”

பரஞ்சோதி மேலே பேசிக்கொண்டே போனார்.

“போட்ட வரம்பை இடையில மாத்தணும்னா ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல நின்னு முகத்தைக் காட்டணும். ஒருத்தர் தனியா மாத்த முடியாது. அப்புறம், சாட்சின்னு ஒருத்தர் வேணும். வரம்பு தாண்டினா அந்த நிமிஷமே அவருக்குத் தகவல் போயிடும். ஒரு பயம் இருக்கணும் பாருங்க.”

“எங்க அப்பாவைப் போடுங்க” என்றாள் செண்பகவல்லி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

அலகப்பன் கழுத்துக் கயிற்றைக் காலால் ஒருமுறை இழுத்துப் பார்த்தான். நாவல் மரத்தை விட்டுவிட்டேன் என்று அவன் சொன்னது முழுப் பொய் இல்லை. தினமும் காலையில் விட்டான். சாயங்காலம்தான் கால் அந்தப் பக்கம் இழுத்தது. ஒரு பழம், ரெண்டு பழம் என்று போனவன் கணக்கில்லாமல் தின்றுவிட்டு வருவான். இனி அங்கே கவ்வுகிற ஒவ்வொரு பழத்துக்கும் கழுத்து போன் கேள்வி கேட்கப் போகிறது. பதில் தயாராக இருக்க வேண்டும்.

பரஞ்சோதி தலைப்புகளைப் படித்தார். உணவு, சுவர்ப்பூச்சு, போக்குவரத்து, மற்றவை.

“போக்குவரத்தைக் கொஞ்சம் தாராளமாவே போடுங்கண்ணே” என்றான் அலகப்பன்.

“பறக்கிறவங்களுக்கு என்னங்க போக்குவரத்து?” என்று செண்பகவல்லி கேட்டாள்.

“இறக்கைத் தேய்மானம்.”

எங்கிருந்து அந்த வார்த்தை வாயில் வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை. பரஞ்சோதி தலையை ஆட்டினார். “தேய்மானம் கணக்குல உள்ளதுதாம்மா. பெரிய பெரிய ஆளுங்கல்லாம் போடறாங்க” என்றார். உணவுக்குப் போட்டதில் முக்கால் பங்கு போக்குவரத்துக்கும் போட்டாயிற்று. செண்பகவல்லி ஒரு நிமிஷம் புருஷனின் முகத்தைப் பார்த்தாள். பிறகு சரி என்றாள்.

கட்டணம் ஒரு பிடி தினை. அதுவும் முதல் செலவாக உணவில் ஏறியது.

செண்பகவல்லி பொந்துக்குள் போய் வாசலைப் பூசிக்கொண்டாள். இறகுகள் உதிர்ந்தன. முட்டை வந்தது. முதல் மாதம் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. அலகப்பன் காலையில் அத்தி மரத்துக்குப் போவான். “இது என்ன செலவு?” என்று போன் கேட்கும். “உணவு” என்பான். தொண்டை நிறைய அடக்கிக்கொண்டு வந்து, கீறலில் அலகை வைத்து ஒவ்வொன்றாகக் கக்கி ஊட்டுவான். உள்ளே ‘டிங்’ என்று ‘சரி’ விழும். வழியில் கொட்டாவி விட்டாலும் போன் பழம் என்று நினைத்துக்கொண்டு கேட்கும். “மற்றவை” என்பான். கொட்டாவியிலேயே மற்றவை பாதி காலியாகிவிட்டது.

சாயங்காலம் நாவல் மரம். முதல் நாள் பழத்தைக் கவ்வியதும் “இது என்ன செலவு?” என்ற குரல் கேட்டுக் கரடி மிரண்டுபோய் எழுந்து நின்றது.

“போக்குவரத்து” என்றான் அலகப்பன்.

“என்னப்பா இது, பொண்டாட்டி கழுத்துலயே வந்து உக்காந்துட்டாளா?” என்று கரடி கேட்டது. மரநாய்கள் இரண்டும் உருண்டு உருண்டு சிரித்தன. அலகப்பனும் சிரித்தான். பிறகு பொந்துக்குத் திரும்பி, நல்ல பிள்ளையாகக் கீறலில் முகத்தை வைத்து, ராத்திரிச் சாப்பாட்டை ஊட்டினான்.

“ஏங்க, போக்குவரத்து இன்னைக்கு இவ்வளவு ஆயிருக்கே?” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

“எதிர்க்காத்து, செண்பகம். இறக்கை தேஞ்சுபோச்சு.”

‘சரி’ விழக் கொஞ்சம் தாமதமாயிற்று. பிறகு, ‘டிங்’.

மாதக் கடைசியில், வரம்பு தாண்டவில்லை என்று கொம்பையாவுக்குப் பச்சை டிக் போனது. அவர் அதைப் பக்கத்து மரத்துக்காரர்களிடம் காட்டி, “இதுல ஏதோ கோளாறு இருக்கு” என்றாராம்.

அடுத்த மாதம் குஞ்சு பொரிந்தது. இங்கேதான் வினை ஆரம்பித்தது. பட்ஜெட் போட்டபோது முட்டை இருக்கும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். முட்டைக்குப் பசிக்காது. முட்டையிலிருந்து வருவதற்குப் பசிக்கும் என்பதை எழுத மறந்துவிட்டார்கள். இத்தனைக்கும் ஆலோசகர் வைத்துப் போட்ட பட்ஜெட்! பிள்ளையோ வாயைத் திறந்தால் மூடுவதில்லை. பௌர்ணமி வருவதற்குள் உணவு வரம்பு அடிமட்டத்துக்கு வந்துவிட்டது.

“உணவு வரம்பு முடியப்போகிறது” என்று போன் சிவப்பாக எரிந்தது. “தாண்டினால் சாட்சிக்குத் தகவல் செல்லும்.”

அலகப்பன் கீறலுக்குப் போய் விஷயத்தைச் சொன்னான்.

“தகவல் மட்டும் போயிடக் கூடாதுங்க” என்றாள் செண்பகவல்லி. “எங்கப்பா வந்தா சுவர் இருக்காது. சுவர் இல்லைன்னா பிள்ளை இல்லை. முதல்ல பிள்ளையைக் கணக்குல சேருங்க. மூணாவது ஆளுன்னு போட்டா வரம்பு ஏறும்ல?”

சேர்த்தார்கள். ‘மூன்றாவது உறுப்பினரின் போனுக்கு ஓடிபி அனுப்பப்பட்டுள்ளது’ என்று வந்தது. மூன்றாவது உறுப்பினருக்குக் கண்ணே இன்னும் திறக்கவில்லை, போனுக்கு எங்கே போவது?

சரி, வரம்பையே மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தார்கள். அலகப்பன் கீறலோடு ஒட்டிக்கொண்டு நின்று போனுக்கு முகத்தைக் காட்டினான். செண்பகவல்லி உள்ளேயிருந்து முடிந்த மட்டும் முண்டி அலகு நுனியை வெளியே நீட்டினாள்.

“இரண்டாம் நபரின் முகம் தெரியவில்லை. மூக்கு மட்டும் தெரிகிறது. வெளிச்சத்துக்கு வரவும்” என்றது போன்.

“வெளிச்சத்துக்கு வரணுமாம்” என்றாள் செண்பகவல்லி. அவள் குரலில் அப்போது இருந்த கோபத்தைக் கேட்டிருந்தால் அந்த டவரே சாய்ந்திருக்கும்.

அலகப்பன் பரஞ்சோதியிடம் ஓடினான். பரஞ்சோதி நிதானமாக நடந்துபோய்ச் சீட்டை எடுத்தார். பழனியாண்டவர் வந்தார்.

“கோவணத்தோட நிக்கிறார் பாருங்க. சிக்கனம்னு அர்த்தம்” என்றார் பரஞ்சோதி. “வயித்தைக் கட்டுங்க. ஒண்ணாந்தேதி புது வரம்பு தானா வந்துடும்.”

“அதுவரைக்கும் பிள்ளை இருக்கணுமேண்ணே.”

“பிள்ளை பட்ஜெட்லயே இல்லையே” என்றார் பரஞ்சோதி, ஏதோ அலகப்பன்தான் புரியாமல் பேசுகிற மாதிரி.

கட்டணம் ஒரு பிடி தினை. அதுவும் உணவில் ஏறியது. அந்தத் தினைக்கு இரண்டு பழம் குறைந்தது.

அன்றிலிருந்து அலகப்பன் மிச்சமிருந்த வரம்பை நாளுக்கு இவ்வளவு என்று பிரித்து, எண்ணி எண்ணி எடுத்துவந்தான். அத்தி மரம் குலுங்கக் குலுங்கப் பழுத்து நின்றது. அணிலும் மைனாவும் தின்றது போகக் கீழே சிதறிக் கிடந்தது. அதன் நடுவே உட்கார்ந்துகொண்டு ஒரு அப்பன் விரல் விட்டு எண்ணாத குறையாக எண்ணி நாலைந்து பழம் பொறுக்கினான். கவ்வினால் போன் கேட்கும். உணவு என்றால் மாமனார் வருவார். பழத்தைப் பழம் என்று சொல்லாமல் என்னவென்று சொல்வது?

“எனக்கு இன்னைக்கு அவ்வளவா பசியில்லைங்க” என்று செண்பகவல்லி தினமும் சொன்னாள். அலகப்பனும் அப்படியா என்று கேட்டுக்கொண்டான். ஆம்பளைகளுக்கு வசதியான விஷயங்கள் சட்டென்று புரிந்துவிடும், கவனித்திருக்கிறீர்களா?

ஒரு நாள் வெயில் தாழ அவன் ஊட்டும்போது கீறலில் அவள் அலகு நுனி நடுங்கியது. பழத்தை வாங்கியவள் பிடிக்க முடியாமல் நழுவவிட்டாள். உள்ளே குஞ்சு அதைத் தேடிக் கத்தியது. அந்தக் கத்தலும் முன்னைப் போல் இல்லை, மெலிந்து ஈனமாக வந்தது.

“செண்பகம், நீ சாப்பிட்டு எத்தனை நாளாச்சு?”

நழுவிய பழத்தை அவள் தேடி எடுத்துக் குஞ்சுக்குக் கொடுக்கிற சத்தம் கேட்டது.

“உன்னைத்தான் கேட்கிறேன்.”

“இறகு முளைக்க ஆரம்பிச்சுதுங்க. இப்ப நின்னுபோச்சு” என்றாள். “என் பங்கையும் இவனுக்குத்தான் கொடுக்கிறேன். அப்பவும் பத்தலை.”

“எங்கிட்ட சொல்லக் கூடாதாடி?”

“சொன்னா எந்தத் தலைப்புல எழுதுவீங்க?”

அலகப்பன் சுவர்மேல் தலையை வைத்துக்கொண்டு அழுதான். அழுவதற்கு அலகைத் திறந்து மூடினானல்லவா, “இது என்ன செலவு?” என்று போன் கேட்டது. “மற்றவை” என்றான். “மற்றவையில் இதுதான் கடைசி. தாண்டினால் சாட்சிக்குத் தகவல் செல்லும்” என்றது. அழவும் வழியில்லாமல் பறந்துபோனான்.

எங்கே போகிறோம் என்று யோசிக்காமல் பறந்தவனை இறக்கை தன் பழக்கத்துக்கு ஆற்றங்கரைக்கே கொண்டுபோய்ச் சேர்த்தது. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கரடி ஏற்கெனவே நல்ல பதத்தில் இருந்தது.

“வாய்யா அலகப்பா, மூஞ்சி ஏன் இப்படித் தொங்குது? ரெண்டு போடு, சரியாப் போகும்.”

அலகப்பன் ஒரு நாவல் பழத்தைக் கவ்வினான்.

“இது என்ன செலவு?”

“போக்குவரத்து.”

“பதிவு செய்யப்பட்டது. போக்குவரத்தில் மீதி தாராளமாக உள்ளது” என்றது போன்.

அலகப்பன் கவ்விய பழத்தை விழுங்காமல் அப்படியே நின்றான். அவன் மண்டைக்குள் ஏதோ ஒன்று மெல்ல விழுந்தது. தினமும் சாயங்காலம் இங்கே எத்தனை தின்றோம் என்று முதல் முறையாக எண்ணிப் பார்த்தான். குஞ்சுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு வேண்டும் என்றும் எண்ணிப் பார்த்தான். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருந்தது. ஒரு பிள்ளையின் சோற்றைத்தான் அவன் ஒவ்வொரு நாளும் இறக்கைத் தேய்மானமாகத் தின்றுவிட்டுப் போயிருக்கிறான். வெட்கத்தில் அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது. பழத்தைத் துப்பினான்.

“டேய், நல்ல பழம்டா!” என்றது கரடி.

அலகப்பன் காதில் வாங்கவில்லை. நேராக அத்தி மரத்துக்குப் போனான். குண்டு அத்திப்பழம் ஒன்றைக் கவ்வினான்.

“இது என்ன செலவு?”

“போக்குவரத்து” என்றான். வேறு யாராவதாக இருந்தால் குரல் நடுங்கியிருக்கும். அவனுக்கு நடுங்கவில்லை. ஒரு மாதத்துக்கும் மேலாகச் சொல்லிப் பழகிய பொய், வழவழவென்று வந்தது.

“பதிவு செய்யப்பட்டது.”

தொண்டை கிழிகிற அளவுக்கு அடைத்துக்கொண்டு பறந்தான். கீறலில் அலகை வைத்து ஒன்றன்பின் ஒன்றாகக் கக்கினான். உள்ளே குஞ்சு கபக் கபக்கென்று விழுங்குவது கேட்டது. அது அடங்கிய பிறகு, வெகு நாளைக்கு அப்புறம், செண்பகவல்லி மெல்லுகிற சத்தமும் கேட்டது.

அவள் போனில் வரிசையாக விழுந்திருக்கும். போக்குவரத்து, போக்குவரத்து, போக்குவரத்து. அவள் அதைப் பார்ப்பது இவனுக்குக் கீறல் வழியே போன் வெளிச்சத்தில் தெரிந்தது.

“எதிர்க்காத்தா?” என்று அவள் கேட்டாள்.

“ஆமா. பலமான எதிர்க்காத்து.”

‘டிங்.’

அதற்குப் பிறகு அந்தக் காட்டில் எதிர்க்காற்று ஓயவே இல்லை. மாதம் பிறந்தால் உணவு வரம்பு தீரும் வரை உணவு, தீர்ந்ததும் போக்குவரத்து. அலகப்பன் நாவல் மரத்துப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பார்க்க வரம்பு இல்லை. கரடி நாலு பேரிடம் விசாரித்துவிட்டு, பையன் செத்துப்போயிருப்பான் என்று முடிவு செய்து, அவன் பங்கையும் சேர்த்துத் தின்று துக்கம் அனுசரித்தது.

செண்பகவல்லிக்கு இறகு மறுபடி முளைத்தது. குஞ்சு கொழுகொழுவென்று ஆனது. கொம்பையாவுக்கு மாதா மாதம் பச்சை டிக் போனது.

ஒரு நல்ல நாளில் செண்பகவல்லி சுவரைத் தானே கொத்தி உடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். புது இறக்கை வெயிலில் கறுப்பும் வெள்ளையுமாகப் பளபளத்தது. தாய் வெளியேறியதும் வாசலை உள்ளேயிருந்து திரும்பப் பூசிக்கொள்ளுகிற வித்தை இருவாச்சிக் குஞ்சுக்குப் பிறவியிலேயே தெரியும். பாதுகாப்பாக உட்கார்ந்து அது பூசிக்கொண்டது. அம்மாவின் போனும் உள்ளேயே தங்கிவிட்டது.

கொம்பையா வந்தார். பின்னாலேயே பரஞ்சோதியும் வந்தார். கொம்பையா மகளை மேலும் கீழும் பார்த்தார். கீறல் வழியே பேரனின் தொப்பையையும் பார்த்தார். பிறகு அலகப்பனிடம் திரும்பினார்.

“மாப்பிள்ளை, உங்க கணக்கை வரிக்கு வரி பார்த்தேன். சாப்பாட்டுச் செலவை ஒரு பழம்கூடத் தாண்ட விடலை. ஆனா போக்குவரத்து! யப்பா! மாசா மாசம் கடைசிப் பழம் வரைக்கும் ஓடியிருக்கு. இவ்வளவு அலைஞ்சிருக்கீங்க. அந்த நாவல் மரத்துப் பக்கமும் போறதில்லைன்னு கேள்விப்பட்டேன். நான்தான் உங்களைத் தப்பா நெனச்சுட்டேன்.”

“அதெல்லாம் ஒண்ணுமில்லை மாமா” என்றான் அலகப்பன். உண்மையைத்தான் சொன்னான், அந்தப் போக்குவரத்தில் அலைச்சல் ஒன்றும் இல்லைதான்.

பரஞ்சோதி ஒரு சீட்டை எடுத்தார். என்ன வந்தது என்றுகூடப் பார்க்கவில்லை. “வெளிப்படையான கணக்குன்னா இதுதான். உங்க படத்தை என் பலகையில போடப் போறேன்” என்றார். அவரிடம் அதே ஆப்பை வாங்கி, தின்றதைத் தின்றதாகவும் குடித்ததைக் குடித்ததாகவும் ஒளிவுமறைவில்லாமல் எழுதிவந்த மரங்கொத்தித் தம்பதி மூன்றாவது வாரத்திலேயே ஆளுக்கொரு மரமாகப் பிரிந்துபோனதைப் பற்றி அவர் பலகையில் எதுவும் இல்லை.

இருவரும் போனதும் கிளையில் புருஷனும் பெண்டாட்டியும் மட்டும் இருந்தார்கள். செண்பகவல்லி அவன் பின்னால் வந்து கழுத்துக் கயிற்றின் முடிச்சை அலகால் ஒரே இழுப்பில் அவிழ்த்தாள். போன் கீழே புதரில் விழுந்தது. அவன் கழுத்தில் கயிறு அறுத்த தடத்தை அலகால் நீவிவிட்டாள்.

“ஏங்க, அந்த நாவல் மரம் இன்னும் பழுத்திருக்கா?”

“எந்த நாவல் மரம்?”

“ஆரம்பத்துல உங்க போக்குவரத்து எங்கே போச்சோ, அந்த மரம்.”

“யார் சொன்னா?” என்றான் அலகப்பன்.

“யார் வந்து சொல்லணும்? அந்தக் கீறல் வழியா எனக்குத் தெரிஞ்ச உலகமே உங்க அலகு நுனி ஒண்ணுதான். மஞ்சளா போனது சாயங்காலமானா ஊதாவா வந்துச்சு. வாடை வேற. தெரியாதா எனக்கு?”

“தெரிஞ்சுமா ‘சரி’ போட்டே?”

“போடாம? சாட்சி எங்கப்பாவாச்சே. திட்டித் திட்டித்தான் அழுத்தினேன், உங்களுக்குக் கேட்கலை.” அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. “அப்புறம் ஒரு நாள் அலகு ஊதா இல்லாம வந்துச்சு. மறுநாளும் மஞ்சள். அதுக்கு மறுநாளும். நான் பாட்டுக்கு இருட்டுல உக்காந்து மென்னுக்கிட்டே அழுதேன்.”

அலகப்பன் தலையைக் குனிந்துகொண்டான். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தான். அவள் விடவில்லை.

“போதும், எழுந்திருங்க. மாசக்கணக்கா உள்ளே உக்காந்து கால் மரத்துப்போச்சு. இதோ, புத்தம் புது இறக்கை. கொஞ்சம் தேய்மானம் பண்ணிட்டு வரலாம். அப்படி என்னதான் இருக்கு அந்தப் பழத்துலன்னு நானும் பார்க்கிறேன்.”

இரண்டு பேரும் இறக்கையை விரித்தார்கள். அப்போது பின்னால் கீறலிலிருந்து ஒரு பிஞ்சுக் குரல் கேட்டது. பிறந்ததிலிருந்து இருட்டில் போனோடு வளர்ந்த பிள்ளை, முதன்முதலாக வாய் திறந்து பேசியது.

“இது என்ன செலவு?”

அப்பனும் ஆத்தாளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“போக்குவரத்து!” என்று ஒரே குரலில் சொல்லிவிட்டு, ஆற்றங்கரைப் பக்கமாகப் பறந்தார்கள்.

உள்ளேயிருந்து, ‘டிங்.’

நீதி: கணக்கில் சின்னச் சின்னப் பொய் எழுதிப் பழகாதவரை நம்பிக் குடும்பம் நடத்தாதீர்கள். ஆபத்து சமயத்தில் அவர்களுக்குக் கை வராது.